ஓய்வு கொடுத்த பாதை

"போதும் அக்கா, நீங்க திரும்பிப் போங்க" என்று மூன்றாவது முறை சொன்னபோது நாங்கள் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிவிட்டோம். அக்கா காதில் வாங்கவில்லை. எனக்கு இரண்டடி முன்னால், கையில் குச்சியோடு, வழியில் விழுந்து கிடந்த செம்பனை மட்டைகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டே நடந்தார். என்னிடம் இருந்தவை இரண்டு பைகள். அவற்றில் கனமானதைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டியிருந்தார். அதற்குள் என் கால்சட்டைகள், ஒரு போர்வை, அவர் கட்டிக் கொடுத்த சோறு.

"மூனு வழி வரைக்கும் வந்து விட்டுட்டுத்தான் போவேன். ஆளை வாசப்படியிலேயே அனுப்புறதுக்கு நீ என்ன கடன்காரனா?"

"எனக்கு வழி தெரியும்லா அக்கா. நான் பெயிண்ட் அடிச்ச பாதைதானே."

"தெரிஞ்சா என்ன? பேசாம வா."

மூன்று வழி என்று நாங்கள் சொல்லும் சந்திப்புக்கு இன்னும் இருபது நிமிட நடை இருந்தது. அக்கா அங்கே வந்து சேரக்கூடாது. அது ஒன்றுதான் அன்று எனக்கு வேண்டியிருந்தது. மழை வரட்டும், அவருடைய முட்டி வலிக்கட்டும், யாராவது லயத்து வரிசை வீடுகளிலிருந்து கூப்பிடட்டும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். வானம் வெளுத்துக் கிடந்தது. முட்டியும் அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது.

அக்கா யாருக்கும் வழி சொல்ல மாட்டார். கூடவே போவார். அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பினாங்கிலிருந்து சைக்கிளில் வந்த மலாய்ப் பையன்கள் நான்கு பேர், அக்கா வாசலில் போட்டிருந்த தேநீர் மேசையில் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த மஞ்சள் அம்பு எங்கே என்று கேட்டார்கள். கையை நீட்டினால் போதும், மரம் அங்கிருந்தே தெரிகிறது. அக்கா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். நான்கு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஊர்வலம் மாதிரிப் போனார்கள். இன்னொரு நாள் ஒரு சீனர், வயதானவர், கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டார். அவரையும் கூட்டிக்கொண்டு போய், கதவுக்கு வெளியே நின்று, திரும்பவும் மேசைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அந்த மனிதர் சங்கடத்தில் மூன்று வாழைக்காய் பஜ்ஜி கூடுதலாகத் தின்றார்.

முதுகில் ஆள் உயரத்துக்கு மூட்டை சுமந்த வெள்ளைக்காரன் ஒருவன் வந்தான். அவன் பேசியது அக்காவுக்குப் புரியவில்லை. அக்கா பேசிய தமிழ் அவனுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் மூன்று வழி வரைக்கும் முழு நேரமும் பேசிக்கொண்டே போனார்கள். திரும்பி வந்து, "பாவம், தாய் இல்லாத புள்ள" என்றார்.

"அவன் சொன்னானா?"

"சொல்லல. நடையில தெரியுது."

கையைக் காட்டினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "கையக் காட்டினா அவனுக்குப் புரியுதோ இல்லையோ. கூட நடந்தா புரியும்லா" என்றார். 

நான் பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செம்பனைக் குலை வெட்டியிருக்கிறேன், கார் கழுவியிருக்கிறேன், சுங்கைப்பட்டாணியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒன்றரை வருடம் தட்டுக் கழுவினேன், லாரியில் கிளீனராக ஜோகூர் வரை போய் வந்தேன். எங்கேயும் நிலைக்கவில்லை. யாரும் துரத்தியதில்லை, நானாகத்தான் கிளம்பினேன். அப்படி வேலை தேடி லூனாஸில் நின்றபோதுதான் பாதை வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

மலையடிவாரத்தில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் நடந்தும் சைக்கிளிலும் போக ஒரு நீண்ட பாதை. புதிதாகப் போட்டது கொஞ்சம்தான். பழைய தோட்டத்துச் செம்மண் சாலைகள், கால்வாய்க் கரைகள், கம்போங் எனும் மலாய்க் கிராமங்களின் வழிகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து, மரத்துக்கு மரம் மஞ்சள் அம்பு போட்டால் பாதை வந்துவிடும். அம்பு போடுவது என் வேலை. ஒரு டின், ஒரு தூரிகை, ஒரு பழைய மோட்டார் சைக்கிள். குத்தகை எடுத்தவரின் சூப்பர்வைசர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். பாதைக்கு அரசாங்கம் ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. லயத்தில் எல்லோரும் மஞ்சப் பாதை என்றுதான் சொன்னார்கள்.

அக்காவின் லயத்தில் அப்போது ஐந்து குடும்பங்கள் மிச்சம். சுற்றிலும் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்துவிட்டார்கள். லயத்தை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் மட்டும் பால் மரங்கள் நின்றன. நான் முதல் அம்பை அந்த மரங்களில் ஒன்றில்தான் போட்டேன். அக்கா வேலைக்குப் போகாத நாள் அது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, மரத்தை வெட்டப் போறாங்களா?"

"இல்லக்கா. ஆளுங்க நடக்குறதுக்கு."

"எங்க நடக்குறதுக்கு?"

"கடலுக்கு."

"கடல்ல என்னா வேலை?"

"வேலை ஒன்னும் இல்ல. சும்மா நடப்பாங்க."

அக்கா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். "கேட்டீங்களா அண்ணே, காலையில ஆள் எண்ணுற பெரட்டும் இல்ல, வேலை வாங்குற மண்டோரும் இல்ல, சும்மாவே நடப்பாங்களாம். நாம இத்தனை வருசம் நடந்ததுக்கு எவனாச்சும் அம்பு போட்டானா?"

ஆனால் ஆட்கள் வந்தார்கள். முதலில் சனி ஞாயிறு, பிறகு எல்லா நாளும். அக்கா அப்போது கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தார். விடிவதற்கு முன்னால் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்கப் பேச்சு இல்லாத வேலை, தரையோடு என்ன பேசுவது என்பார். பாதையில் நடப்பவர்கள் அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கத் தொடங்கியதும், லீவு நாட்களில் ஒரு மேசை போட்டார். பால் சேர்க்காத தே ஓ, உப்புப் பழம் போட்ட எலுமிச்சை ஆசாம்போய், மசாலா வடை, வாழைக்காய் பஜ்ஜி. ஆறு மாதத்தில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார்.

லயமும் மாறியது. லூனாஸில் மலிவு வீட்டுக்குப் போவதாக இருந்த குடும்பம் ஒன்று போகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடிக்க ஒரு பம்பு வாங்கி வைத்தார். கம்போங்கிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர், பாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம், வந்து மரத்தடியில் இளநீர் விற்றார். யாரோ வாசலில் செம்பருத்தி நட்டார்கள். நடந்து போனவர்கள் ஊருக்குப் போய்ப் படங்களைக் கழுவி அனுப்பினார்கள், அக்கா அவற்றைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். எல்லாப் படத்திலும் புதுப்புது ஆட்கள். நடுவில் குச்சியோடு அக்கா. கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படங்களையும் ஒட்டியிருந்தார்.

லயத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் என்னைத் தங்கச் சொன்னதும் அவர்தான். கதவுக்குப் பூட்டு இல்லை, கூரையில் ஒரு பக்கம் ஒழுகும். சாப்பாடு அக்கா வீட்டில். "மஞ்சப் பெயிண்ட்டு, வந்து சோறு தின்னு" என்று வேலியோரம் நின்று கத்துவார். என் நீலக் கட்டம் போட்ட சட்டை முழங்கையில் கிழிந்தபோது, கேட்காமலே எடுத்துக்கொண்டு போய், பச்சைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

"நீலம் இல்லையா அக்கா?"

"போடற மூஞ்சிக்குப் பச்சை போதும்."

சூப்பர்வைசர் ஒரு நாள் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மூன்று வழிக்குப் போனார். அங்கிருந்து ஒரு வழி லயத்துக்கு வருகிறது, ஒன்று பெரிய ரோட்டுக்குப் போகிறது, இன்னொன்று பழைய பம்பு வீட்டுப் பக்கம். பம்பு வீட்டருகில் யாரோ நிலம் வாங்கி மரக்குடில்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கடை, குளிரூட்டிய அறை, சைக்கிள் வாடகை எல்லாம் வரப்போவதாகச் சொன்னார். பாதையை அந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும்.

"லயத்துப் பக்கம்?"

"அது வேணாம். மேலிடத்துல பேசி முடிச்சிட்டாங்க. நீ அங்க உள்ள அம்பையெல்லாம் மறைச்சிடு. இங்க புதுசா போடு. உன்னையே குடிலைப் பார்த்துக்கிற ஆளா போடச் சொல்லியிருக்கேன். ரூம் தருவாங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னை மிரட்டவும் இல்லை. ரூம் என்றார், அவ்வளவுதான். முப்பத்தாறு வயது வரைக்கும் நான் சாவி வைத்திருந்ததில்லை. கடைப் பரணில், லாரி இருக்கையில், செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் படுத்திருக்கிறேன். வெளியே போகும்போது பூட்டிவிட்டுப் போகிற ஒரு கதவு எனக்கு வேண்டும் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. சரி என்றேன். நான் செய்யாவிட்டால் வேறு ஆள் செய்திருப்பான். அது உண்மைதான். ஆனால் அந்த வேறு ஆள் அக்கா வீட்டில் சோறு தின்றவனாக இருந்திருக்க மாட்டான்.

அக்கா கண் பரிசோதனைக்குக் கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போன நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டேன். மரப்பட்டைக்குப் பொருந்தட்டும் என்று சூப்பர்வைசர் பழுப்புப் பெயிண்ட் கொடுத்திருந்தார். லயத்திலிருந்து தொடங்கி வழியில் இருந்த ஒவ்வொரு அம்பின் மேலும் பழுப்பு அடித்தேன். பிறகு மூன்று வழிக்குப் போய், லயத்துப் பாதை தொடங்கும் வாயை மண்வெட்டியால் கொத்தி, அங்கே ஆறு நிழல்மரக் கன்றுகள் வைத்தேன். ஆட்கள் பழைய ஞாபகத்தில் நுழையக்கூடாது என்பதற்காக அப்படிச் சொல்லியிருந்தார்கள். கன்றுகளைக் குச்சியோடு கட்டக் கயிறு போதவில்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கிழித்துக் கட்டினேன். எதற்கு அந்தச் சட்டையை எடுத்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். வேறு துணி இல்லை. அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் பால் மரத்தடியில் நின்று பழுப்புப் பெயிண்டை விரலால் தடவிப் பார்த்தார். இப்போது கேட்பார், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திரும்பி வந்தவருடைய முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"ஓய்வு குடுத்துட்டாங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். அக்கா இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் ஒரு மரம் வறண்டு, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டாமல் போனால், மண்டோர் வந்து வெட்டுப்பட்டைக்கு மேலே பழுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். வெட்டக்கூடாது, பக்கத்தில் கூடப் போகக்கூடாது. போனால் கை சும்மா இருக்காது, கத்தி வைக்கத் தோன்றும். ஆறேழு மாதம் கழித்து மண்டோரே வந்து பெயிண்டைச் சுரண்டிப் பார்ப்பார். பட்டை ஊறியிருந்தால் மறுபடி வெட்டு.

"நல்லதுதான். இத்தனை காலு மிதிச்சா மண்ணு என்னாகும்? மழைக்குப் பாதி கரைஞ்சு போச்சு. பெரிய மனுசனுங்களுக்கும் புத்தி இருக்கு பாரு, பாதைக்கும் ஓய்வு குடுத்திருக்கானுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எத்தனை மாசமாம்?"

"தெரியலக்கா."

நான் சொன்னது அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆட்கள் வருவது நின்றது. அக்கா கவலைப்படவில்லை. ஓய்வுக் காலத்தில் பால் வெட்டுக்காரி கத்தியைத் தீட்டி வைப்பதைப் போல வேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார். மேசைக்கு வார்னிஷ் அடித்தார். குடைத் துணியைத் துவைத்து ஒட்டுப் போட்டார். வாசலிலிருந்து முதல் பழுப்பு மரம் வரைக்கும் தினமும் கூட்டினார். அதற்கு அப்பால் ஒரு அடி வைக்கவில்லை. கடைக்கு, பஸ்ஸுக்கு எல்லாம் லயத்தின் அந்தப் பக்கத்து ரோட்டில்தான் போய் வருவார், இந்தப் பக்கம் வர அவருக்கு வேறு தேவையும் இல்லை. வெள்ளைக்காரர்கள் வந்தால் சொல்ல என்னிடம் ஆங்கிலம் கேட்டார். எனக்குத் தெரிந்ததே கொஞ்சம். "கம், ஐ வாக் யூ" என்று சொல்லிக் கொடுத்தேன். பாத்திரம் கழுவும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்.

பாச்சிக் இளநீர்க் கடையைத் தூக்கிக்கொண்டு பம்பு வீட்டுப் பக்கம் போய்விட்டார். ஒரு நாள் அக்காவிடம் சொல்லத்தான் வந்தார். ஆட்கள் இப்போது அந்தப் பக்கம்தான் போகிறார்கள், நீயும் மேசையை அங்கே கொண்டு வா, இடம் பிடித்துத் தருகிறேன் என்று மலாயில் சொன்னார். அக்கா சிரித்தார். இந்தப் பக்கம் ஓய்வு, அதனால் கொஞ்ச நாள் அந்தப் பக்கம், தோட்டத்திலும் அப்படித்தான், ஒரு நிரை ஓய்வென்றால் இன்னொரு நிரை என்றார். பாச்சிக் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். கன்று வைத்த அன்றைக்கு எனக்கு மண்வெட்டி கொடுத்ததே அவர்தான்.

அக்காவும் என் பக்கம் திரும்பினார். "நீதானேடா பெயிண்ட் அடிச்சவன். பாச்சிக்குக்கிட்ட சொல்லு. ஓய்வுதானே?"

"ஆமாக்கா" என்றேன்.

பாச்சிக் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் கை தூக்குவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆமா எங்கே போய் முடிந்தது என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. தொழிற்சாலை வேன்காரர் அக்காவின் வாசலில் வந்து நின்றார். பழைய இடம் காலியாக இருக்கிறது, கூட்டித் துடைக்கிறவர்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அக்கா வந்தால் அவருக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. அக்கா வேன்காரரை இருக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடா பண்ணலாம்? நான் அங்க போயிட்டா, பாதை தொறந்து ஆளுங்க வந்து பார்த்துட்டு, கடை இல்லன்னு போயிடுவாங்களே. அப்புறம் யாரு கூட்டிப் போய் விடுறது?"

என் வாயில் சோறு இருந்தது. முழுங்கிவிட்டுப் பேச நேரம் இருந்தது. "உங்க இஷ்டம் அக்கா" என்றேன்.

அக்கா வெளியே போய், "பாதை தொறந்துரும் தம்பி, வேற ஆளைப் பாருங்க" என்றார். வேன் போகும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்து எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். தின்றேன்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சூப்பர்வைசர் குடிலின் அறைச் சாவியைக் கொடுத்தார். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, பூட்டுகிற கதவு. போய்த் திறந்து பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பாதை தெரிந்தது. கைத்தடி வைத்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். அவர்களோடு கூட நடக்க யாரும் இல்லை, அவர்களுக்கு அது வேண்டியிருந்ததாகவும் தெரியவில்லை. மறுநாள் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஜித்ராவில் கூட்டாளி ஒருவன் வேலைக்குக் கூப்பிட்டான் என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கு ஜித்ராவில் யாரும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். பழுப்பு மரத்தைத் தாண்டக்கூடாதே என்றேன். "ஆளை அனுப்புறதுக்கு என்னா ஓய்வு? நான் என்ன கத்தியா எடுத்துக்கிட்டு வரேன்?" என்றார். ரோட்டுப் பக்கமாகவே போய் பஸ் ஏறுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பஸ் பத்து மணிக்கு மேல்தான், மூன்று வழியைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்குப் போனால் எட்டு மணிக்கே அலோர்ஸ்டார் பஸ் கிடைக்கும் என்றார். அவர் சொன்னது சரி.

வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். ஜித்ராவில் தண்ணீர் சேராது, கொதிக்க வைத்துக் குடி. கூட்டாளியை ரொம்ப நம்பாதே. கல்யாணம் ஆகாவிட்டாலும் ஒரு போர்வை நல்லதாக வாங்கு. புல் முட்டி வரை ஏறியிருந்தது. "பாரு, மண்ணு எவ்வளவு நல்லா ஊறிப் போயிருக்கு" என்று குச்சியால் குத்திக் காட்டினார். நான் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும், திரும்பிப் போங்க அக்கா என்பதுதான் வெளியே வந்தது.

கன்றுகள் வளர்ந்திருந்தன. இடுப்பு உயரம். பாதையின் வாயை அடைத்துக்கொண்டு ஆறும் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் சந்திப்பில் புது இரும்புப் பலகை, அதில் வரைபடம், பம்பு வீட்டுப் பக்கம் காட்டும் மஞ்சள் அம்பு.

அக்கா நின்றார். பலகையை அவர் பார்க்கவே இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. தோட்டத்தில் ஓய்வு மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். கன்று வைத்தால் அந்த நிரை முடிந்தது என்று அர்த்தம்.

"கன்னு வச்சிட்டாங்களே" என்றார், யாரிடமோ சொல்வது போல.

பிறகு குனிந்தார். குச்சியோடு கட்டியிருந்த துணி வெளுத்துப் போயிருந்தாலும் கட்டம் தெரிந்தது. நான்காவது கன்றில் இருந்த துண்டில் பச்சை ஒட்டு, அதைச் சுற்றி அவருடைய நெருக்கமான தையல். விரலால் அந்தத் தையலைத் தொட்டார். முடிச்சு தண்டை இறுக்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்தி, திரும்பவும் கட்டினார். மரத்தோடு பழகிய கை, சும்மா இருக்காது.

எழுந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"முன்னாலயே சொல்லிருந்தா, வேன்காரன்கிட்ட வரேன்னு சொல்லிருப்பேன்ல தம்பி" என்றார்.

 

மலைப் பக்கமிருந்து நடந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் சந்திப்பில் நின்றார்கள். தமிழ் ஆட்கள்தான், பட்டணத்துக்காரர்கள். அந்தப் பெண் கன்றுகளுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களைப் பார்த்து, "அக்கா, கடல் பக்கம் போற டிராக் இதுதானே? இந்த அம்புதானே?" என்று கேட்டார்.

அக்கா தோளில் இருந்த என் பையை இறக்கி என் காலடியில் வைத்தார். கன்றுகளுக்கு நடுவே, ஒரு இலைகூட ஒடியாமல், பக்கவாட்டில் நுழைந்து அந்தப் பக்கம் போனார்.

"வாங்கம்மா, கொண்டுபோய் விடறேன்."

"பரவால்லக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்கும் இந்த வழி புதுசுதான். பார்த்துக்கிட்டே போவோம் வாங்க."

மூன்று பேரும் பம்பு வீட்டுப் பக்கம் நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு மட்டை குறுக்கே கிடந்தது, அக்கா குச்சியால் அதை ஓரம் தள்ளுவதைப் பார்த்தேன். பிறகு வளைவு வந்துவிட்டது. பெரிய ரோடு வரைக்கும் இரண்டு பைகளையும் நானே தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். சோற்றுப் பொட்டலம் அலோர்ஸ்டாரில் கெட்டுப் போயிருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் தின்றேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை ஜித்ராவுக்கு வெளியே ஒரு அரிசி ஆலையில் போய் நின்றேன். ஆலை முதலாளியான தவுக்கே என்ன வேலை தெரியும் என்று கேட்டார். லாரிகள் உள்ளே வந்து குழம்பிப் போகின்றன, முற்றத்தில் அம்பு போட ஆள் தேவை, பெயிண்ட் அடிக்கத் தெரியுமா என்றார். மஞ்சள் டின் அவர் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

தெரியாது என்றேன்.

அவர் என் கால்சட்டையைப் பார்த்தார். முட்டிக்குக் கீழே காய்ந்துபோன மஞ்சள் சொட்டுகள், நிறையவே.  ஆலைக்குப் பின்னால் உமி குவிந்து கிடக்கும் இடத்தைச் சொல்லி, மூலையில் இருந்த மண்வாரியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். போனேன்.